பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்தால்தான் லண்டன் சட்ட நிறுவனங்கள் எடுக்குமா?

செம்பருத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகள் கிழக்கு லண்டனில் அரச பாடசாலை ஒன்றில் இயர் 13 (பாடசாலைக் கடைசி வருடம்) படிக்கிறா. ஏ லெவலில் எதிர்பார்க்கிற பெறுபேறு ஏ, பி, பி. சொலிசிட்டராக (அலுவலகத்தில் இருந்து கட்சிக்காரரின் சட்ட வேலை பார்க்கிற வழக்கறிஞராக) வரவேணும், அதுவும் சிட்டி என்கிற லண்டன் நிதி வட்டாரத்தில் இருக்கிற பெரிய நிறுவனம் ஒன்றில் ட்ரெய்னியாக, அதாவது பயிலுநராகச் சேரவேணும் என்பதுதான் அவவின் எண்ணம்.

கையில் இரண்டு இடம் இருக்கு. ஒன்று வெளியூரில், ரசல் குரூப் என்கிற பெயர்பெற்ற பல்கலைக்கழகக் கூட்டில் உள்ள ஒன்றில் வரலாறு. மற்றது லண்டனிலேயே, முந்தி பொலிடெக்னிக்காக இருந்து 1992க்குப் பிறகு பல்கலைக்கழகமான ஒன்றில் எல்எல்பி என்ற சட்டப் பட்டம். இரண்டாவதற்கு வீட்டிலிருந்தே போய்வரலாம், சனிக்கிழமைகளில் தகப்பனின் கடையிலும் நிற்கலாம்.

சொந்தக்காரர் ஒருவர், "ரசல் குரூப் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்கமாட்டாங்கள்" என்கிறார். இன்னொருவர், "சட்டம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளையை வரலாற்றுக்கு அனுப்புறதா?" என்று சத்தம் போடுகிறார். உண்மையில் இந்த நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கினமா? பார்ப்பதென்றால் எந்தக் கட்டத்தில்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

————

நாலாம்சீட் எழுதியது:

பார்க்கிறார்கள் அக்கா. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. உங்கள் சொந்தக்காரர் நினைக்கிற கட்டத்திலும் இல்லை.

முதலில் ஆள்தொகையைப் பாருங்கள். மேஜிக் சர்க்கிள் என்று சொல்லப்படும் ஐந்து நிறுவனங்கள் (ஏ அண்ட் ஓ ஷெர்மன், கிளிஃபர்ட் சான்ஸ், ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ், லிங்க்லேட்டர்ஸ், ஸ்லாட்டர் அண்ட் மே) ஆண்டுக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 110 ட்ரெய்னி வரை எடுக்கும். அவ்வளவு பேரை ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜில் மட்டும் பொறுக்க முடியாது, வலையை அகலமாகத்தான் வீசியாக வேண்டும். லண்டனில் கிளை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனங்கள் வேறு மாதிரி. 10, 15 பேர்தான் எடுப்பார்கள். தகுதி பெற்ற முதல் ஆண்டுச் சம்பளம் சில இடங்களில் 1,80,000 பவுண்டு. பெயரின் கனம் மிக அதிகமாகத் தெரிவது அங்கேதான். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் பக்கம் இன்னும் மோசம், அது இப்போது வேண்டாம். லீட்ஸ், பர்மிங்காம், பிரிஸ்டல் போன்ற ஊர்களில் இருக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கு, இந்தப் பிள்ளை இந்த ஊரிலேயே தங்குவாளா, இரண்டு வருடத்தில் லண்டனுக்கு ஓடிவிடுவாளா என்பதுதான் பெரிய கவலை. அங்கே உள்ளூர்ப் பல்கலைக்கழகம் சாதகமாகவே அமையும்.

பெயர் வேலை செய்வது படிவத்துக்கு முன்னால். அக்டோபர், நவம்பரில் நிறுவனங்கள் சட்டக் கண்காட்சி என்று பல்கலைக்கழகங்களுக்குப் போகும். எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் போகாது. 20, 30 இடத்தைத் தெரிவு செய்துதான் போகும். அங்கே படிக்கும் மாணவர் ஒருவரையே தூதராக வைத்துக்கொள்ளும், இரவு விருந்து கொடுக்கும். அந்த வளாகத்தில் இருக்கும் பிள்ளைக்கு முதலாம் ஆண்டு அக்டோபரிலேயே தெரிந்துவிடும், எந்தப் படிவம் எப்போது திறக்கிறது, எந்த நிறுவனம் எதில் பெயர்பெற்றது என்பதெல்லாம். மற்ற இடத்தில் படிக்கும் பிள்ளை இரண்டாம் ஆண்டு ஜனவரியில் விழித்துக்கொள்ளும். அதற்குள் பல நிறுவனங்களில் பாதி இடம் போயிருக்கும், ஏனென்றால் படிவம் வர வர அப்போதைக்கப்போதே பார்த்து ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கடைசித் தேதி என்று போட்டிருப்பதை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பொதுவான தவறு.

இந்தச் சாய்வு கற்பனை இல்லை. 2015இல் அரசின் சமூக முன்னேற்றத்துக்கும் குழந்தை வறுமைக்குமான ஆணையம் வெளியிட்ட அறிக்கை, உயர்மட்டச் சட்ட, கணக்காய்வு நிறுவனங்கள் 2014இல் கொடுத்த வேலைகளில் 70 சதவீதம் வரை தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளிலோ கட்டணப் பள்ளிகளிலோ படித்தவர்களுக்குப் போனதாகச் சொன்னது. மொத்த மக்களில் அந்த இரண்டு வகையில் படித்தவர்கள் 4 சதவீதமும் 7 சதவீதமுந்தான். பல்கலைக்கழகப் பெயருக்குப் பின்னால் பள்ளிக்கூடம் ஒளிந்திருக்கிறது என்பது அதிலேயே தெரியும். அதற்குப் பிறகு நிறையப் பேர் மாற்றம் செய்தார்கள். கிளிஃபர்ட் சான்ஸ் அதற்கும் முன்பே, இறுதி நேர்முகத்தில் கேள்வி கேட்பவருக்குப் பல்கலைக்கழகப் பெயரைக் காட்டாத முறையைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் கவனியுங்கள், அது இறுதிக் கட்டம். முதல் சல்லடையைத் தாண்டியவருக்குத்தான் அந்தத் திரை.

இப்போது அந்தச் சல்லடைக்கு வருவோம். படிவத்தில் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகக் கேட்பார்கள். மொத்தத்தில் டூ ஒன் (இரண்டாம் வகுப்பு மேல்நிலை) என்று எழுதித் தப்ப முடியாது. ஒப்பந்தச் சட்டம் 64, குற்றவியல் 58, பொதுச் சட்டம் 67 என்று பெட்டி பெட்டியாக நிரப்ப வேண்டும். சட்டம் படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் விண்ணப்பிக்கிறார்கள், அப்போது கையில் இருப்பது முதலாம் ஆண்டு மதிப்பெண் மட்டுந்தான். "முதல் வருடம் பட்டத்துக்குக் கணக்கில்லை, 40 எடுத்தால் போதும்" என்று சீனியர் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பட்டத்துக்கு அது கணக்கில்லைதான், வேலைக்கு அதுமட்டுந்தான் கணக்கு. பேர்போன இடத்தில் 58 வாங்கியவரைவிட, பேர் இல்லாத இடத்தில் எல்லாப் பாடத்திலும் 68க்கு மேல் வைத்திருப்பவர் பல நிறுவனங்களில் முன்னுக்குப் போவார்.

அடுத்து ஏ லெவல். ஏஏபி என்று வரம்பு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் இன்னும் உண்டு. உங்கள் மகளுக்கு ஏபிபி. இங்கேதான் 2015இல் ரேர் என்ற அமைப்பு கொண்டுவந்த சூழல்சார் தேர்வு முறை உதவும். எந்தப் பள்ளி, எந்த அஞ்சல் குறியீடு, இலவச மதிய உணவு எடுத்தாரா, பெற்றோர் பல்கலைக்கழகம் போனவர்களா, அகதியாக வந்தவரா என்று கேட்டு, அந்தப் பள்ளியின் சராசரியை இவர் எவ்வளவு தாண்டினார் என்று கணக்குப் போடும். சராசரி சிசிசி உள்ள பள்ளியில் ஏபிபி எடுத்த பிள்ளை அந்தக் கணக்கில் பெரிதாகத் தெரிவாள். நம் வீடுகளில் நடப்பது என்னவென்றால், இலவச உணவு என்று எழுத வெட்கப்பட்டு "சொல்ல விரும்பவில்லை" என்பதை அழுத்திவிடுகிறார்கள். அத்தோடு அந்தப் பலன் போச்சு. நேர்முகத்துக்கு வருபவர் அந்த விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதில்லை, கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் பொய்யும் வேண்டாம். நீங்களோ கணவரோ யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பட்டம் எடுத்திருந்தால் அதுவும் பட்டந்தான். படிவத்தில் உள்ள விளக்கத்தை வாசித்துவிட்டுப் பதில் போடச் சொல்லுங்கள். பின்னால் சொலிசிட்டர்களின் ஒழுங்காற்று அமைப்பான எஸ்ஆர்ஏ நேர்மையைத் தனியாகப் பார்க்கும்.

படிவத்தோடு பல இடங்களில் வாட்சன் கிளேசர் தேர்வு வரும். 40 கேள்வி, 30 நிமிடம். ஊகம், எடுகோள், வருவித்தல், பொருள்கொள்ளல், வாதத்தை எடைபோடுதல் என்று ஐந்து பிரிவு. வெளியறிவைக் கொண்டுவந்தால் தோற்கும் தேர்வு இது. கொடுத்த பத்தியில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் ஊகப் பிரிவில் "உண்மை" என்பதற்கும் "அநேகமாக உண்மை" என்பதற்கும் நடுவில் தடுமாறுவார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு பயிற்சித் தாள் போட்டால் பிடிபடும்.

கடையில் நிற்பதைச் சொன்னீர்களே, அதை மறைக்க வேண்டாம். "தந்தையின் வியாபாரத்தில் உதவினேன்" என்று எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது. மொத்த வியாபாரியின் பில்லில் 12 பெட்டி என்றிருக்க இறங்கியது 11, அதை அன்றே கண்டுபிடித்து, சாரதியிடம் கையெழுத்து வாங்கி, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள வைத்தது என்று எழுதினால், வாசிப்பவருக்கு ஒப்பந்தம் புரிந்த ஒரு ஆள் தெரியும். அதேபோல் "ஏன் எங்கள் நிறுவனம்?" என்ற கேள்வி. "உங்கள் உலகளாவிய வீச்சு என்னைக் கவர்ந்தது" என்பது ஐம்பது நிறுவனத்துக்குப் பொருந்தும். பெயரை அழித்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டாலும் அந்த வாக்கியம் நிற்கிறதென்றால், அதை வெட்டிவிட வேண்டியதுதான்.

உங்கள் இரண்டு இடத்தில் ஒன்றைச் சொல் என்றால், சிட்டிதான் குறி என்றால், நான் வரலாறு என்பேன். பெரிய நிறுவனங்களின் ட்ரெய்னிகளில் பாதிக்குக் கிட்ட சட்டம் அல்லாத பட்டக்காரர்கள். அவர்களுக்குச் சட்டத்துக்கு மாறுவதற்கான ஓராண்டு மாற்றுப் படிப்பு, பிறகு எஸ்க்யூஇ எனும் சொலிசிட்டர் தகுதிப் பரீட்சைக்கான படிப்பு, இரண்டுக்கும் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு தொகையையும் நிறுவனமே கொடுக்கும். 2026 செப்டம்பரில் தொடங்கினால் எல்எல்பி வழியில் 2032இல் சொலிசிட்டர், வரலாற்று வழியில் 2033. ஒரு வருடம் கூட. பதிலுக்கு, வரலாறு படிப்பவர் வழக்கமாக இறுதியாண்டில் விண்ணப்பிப்பதால் காட்ட இரண்டு ஆண்டு மதிப்பெண் இருக்கும். ஆனால் பிள்ளைக்கு வரலாறு பிடிக்க வேண்டும். பிடிக்காத பாடத்தில் 68 வராது.

————

படிக்கட்டு எழுதியது:

நாலாம்சீட் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அது ஒரு பக்கத்து லண்டன். இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வெளியிலேதான் வேலை செய்யினம். ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் பக்கம் குடிவரவு, குடும்பம், வீடு வாங்கல் விற்றல், குற்றவியல் செய்கிற சிறிய அலுவலகங்களில் ரசல் குரூப் என்று யாரும் கேட்கமாட்டினம். கோவையை (ஃபைலை) திறந்து வேலை செய்யத் தெரியுமா, கட்சிக்காரரோடு கதைக்கத் தெரியுமா, நீதிமன்றக் கெடுவைத் தவறவிடாமல் குறித்து வைப்பாயா, இவ்வளவுந்தான்.

2021 செப்டம்பரில் எஸ்க்யூஇ முறை வந்த பிறகு ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் (ஒரே நிறுவனத்தில் பயிலுநர் ஒப்பந்தம்) என்ற ஒற்றை வாசலும் இல்லை. இரண்டு வருடத் தகுதியான வேலை அனுபவம் காட்டினால் போதும்; அதை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம். பல்கலைக்கழகச் சட்ட உதவி நிலையத்தில் மேற்பார்வையோடு செய்த வேலையும், பாராலீகல் (சொலிசிட்டருக்கு உதவியாள்) வேலையும் கணக்கில் வரும். பிழைக்கிற இடம் கையெழுத்துத்தான். அந்த அனுபவத்தை இங்கிலாந்து-வேல்ஸ் சொலிசிட்டர் ஒருவர் அல்லது அந்த நிறுவனத்தின் இணக்க அதிகாரி உறுதிப்படுத்த வேணும். பிள்ளை கெட்டிக்காரி என்று அவர் சான்று தரத் தேவையில்லை. எவ்வளவு காலம் செய்தார், சொலிசிட்டருக்குரிய திறன்களில் குறைந்தது இரண்டையாவது வளர்க்க வாய்ப்பு இருந்ததா, நேர்மையில் பிரச்சினை ஏதும் உண்டா என்பதைத்தான் சொல்ல வேணும். வேலையை விட்டு மூன்று வருடம் கழித்து, மேற்பார்வை செய்தவர் எங்கே என்று தேடினால் கிடைக்கமாட்டார். சில இடங்களில் கேட்டால் முகத்தைத் திருப்புவினம். ஆனபடியால் ஒவ்வொரு வாரமும் என்ன கோவை, என்ன ஆவணம் வரைந்தது, எந்தத் திறன் என்று ஒரு குறிப்பேடு வைத்து, விலக முன்னமே கையெழுத்து வாங்கிவிட வேணும்.

காசும் பார்க்க வேணும். நிறுவனம் கட்டாவிட்டால் எஸ்க்யூஇ இரண்டு பகுதிக்கும் பரீட்சைக் கட்டணம் மட்டும் இப்போது 4,900 பவுணுக்குக் கிட்ட. வகுப்புச் செலவு அதற்கு மேலே. தனி எஸ்க்யூஇ வகுப்புக்கு மாணவர் கடன் கிடையாது. அதை எல்எல்எம் என்ற சட்ட முதுகலைப் பட்டத்தோடு சேர்த்துத் தருகிற இடத்தில் முதுகலைக் கடன் எடுக்கலாம். முதல் பகுதி 180 கேள்வி ஒருநாள், இன்னொரு 180 வேறொரு நாள். ஒவ்வொரு நாளும் 90 கேள்விக்கு 2 மணி 33 நிமிடம் என்று இரண்டு அமர்வு. ஒவ்வொரு முறையும் எழுதுகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் தேறுகினம். மூன்று முறைதான் எழுதலாம். சிட்டி நிறுவனங்களில் முதல் தடவையே தேற வேணும் என்று பல இடங்களில் எழுத்திலேயே இருக்கும். தவறினால் கொடுத்த இடத்தைத் திருப்பி எடுக்கலாம். அந்த நாளில் எந்தப் பல்கலைக்கழகப் பெயரும் கைகொடுக்காது.

இதனால் எனக்கு எல்எல்பி தான் சரியென்று படுது. வீட்டு வாடகை மிச்சம், சட்ட அடிப்படையும் மூன்று வருடம் ஆறுதலாகப் படிக்கலாம். வரலாறு படித்துவிட்டு நிறுவனம் கிடைக்காவிட்டால் மாற்றுப் படிப்புக் காசும் உங்கள் தலையில்தான்.

இன்னொன்று. பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க எழுதத் தெரியுமென்றால் அதை விடாதேங்கோ. 2020 ஏப்ரலில் இருந்து சிவில் நீதிமன்றங்களில் சாட்சி அறிக்கையைச் சாட்சியின் சொந்த மொழியிலேயே வரைய வேணும், பிறகுதான் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்த திகதியும் அதில் போட வேணும். ஆங்கிலத்தில் எழுதித் தமிழ் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வந்து எதிர்த்தரப்பிடம் மாட்டுப்படுகிற கோவைகள் இன்னும் இருக்கு. வாயால் கதைக்கிற தமிழ் இதற்குக் காணாது.

————

செம்பருத்தி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. இலவச உணவு விஷயம் குத்திப்போட்டுது, நானும் அதை எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். இன்னும் இரண்டு கேள்வி. எல்எல்பியை இங்கே முடித்துவிட்டுப் பிறகு பெரிய பெயருள்ள இடத்தில் எல்எல்எம் செய்தால் முன்னையது மறைஞ்சு போகுமா? பல்கலைக்கழகமே போகாமல் அப்ரென்டிஸ் என்று ஏதோ இருக்கே, அது உண்மையா?

————

கொல்லிமலை எழுதியது:

எல்எல்எம் பற்றி மட்டும் சொல்கிறேன், இந்தியாவிலிருந்து வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அது. மறையாது. படிவத்தில் முதல் பட்டத்தின் மதிப்பெண்ணை அப்படியே கேட்கிறார்கள், எல்எல்எம் அதற்குக் கீழே இன்னொரு வரி, அவ்வளவுதான். ஓராண்டுப் படிப்பில் விண்ணப்பக் காலம் அக்டோபரிலேயே திறந்துவிடுவதால், காட்ட எல்எல்எம் மதிப்பெண்கூட இருக்காது. வரிச் சட்டம், போட்டிச் சட்டம் என்று குறிப்பிட்ட துறைக்குப் போகிறவருக்குப் பயன் உண்டு. பெயரை மாற்றிக்கொள்ள மட்டும் என்றால் வீண் செலவு.

இந்தியாவில் படித்துவிட்டு இதை வாசிப்பவர்களுக்கு: 60 சதவீதத்தை எதற்குச் சமமாக வைப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விண்ணப்பிக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பார் கவுன்சிலில் பதிவுபெற்ற வக்கீலுக்கு அந்த இரண்டு வருட அனுபவத் தேவை இல்லை, எஸ்க்யூஇ தேறினால் போதும். உண்மையான தடை விசா. திறன்பணி விசாவுக்கு 2025 ஜூலையிலிருந்து பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு, புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு 33,400. 50,000க்கு மேல் தரும் சிட்டி நிறுவனம் அதைச் சுலபமாகத் தாண்டும், ஊருக்குள் இருக்கும் சிறிய ஹை ஸ்ட்ரீட் அலுவலகம் பெரும்பாலும் தாண்டாது. படிப்புக்குப் பிந்தைய விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. ஆக வெளிநாட்டு மாணவருக்குப் பெரிய நிறுவனம் என்பது ஆசை மட்டும் இல்லை, வேறு வழியும் குறைவு. செம்பருத்தி அக்காவின் மகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

————

நாலாம்சீட் எழுதியது:

அப்ரென்டிஸ் உண்மை அக்கா, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொலிசிட்டர் அப்ரென்டிஸ்ஷிப் ஆறு வருடம். பள்ளி முடித்ததும் நிறுவனத்தில் வேலை, வாரத்தில் ஒருநாள் படிப்பு, இடையில் எஸ்க்யூஇ முதல் பகுதி, கடைசியில் இரண்டாம் பகுதி. கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் உண்டு, முடிவில் பெரும்பாலும் பட்டமும் கையில். இதே ஆறு வருடம் எல்எல்பி வழியிலும் போகிறது, வித்தியாசம் கடன் மட்டும். 2026 ஜனவரியிலிருந்து ஏழாம் நிலை (முதுகலைக்குச் சமமான நிலை, சொலிசிட்டர் பயிற்சியும் இதில்தான்) அப்ரென்டிஸ்ஷிப்புகளுக்கான அரசுப் பணத்தை, பயிற்சி தொடங்கும்போது 16 முதல் 21 வயது உள்ளவர்களுக்கே என்று பெரும்பாலும் குறுக்கிவிட்டார்கள். பட்டம் முடித்துவிட்டு இதற்கு வரலாம் என்று ஒத்திப்போடுவது இனிச் சரிவராது, மகளின் வயதுக்கு இப்போதுதான் நேரம். ஆனால் ஒரு நிறுவனத்தில் இடம் கைவிரல் எண்ணிக்கைதான். படிவங்கள் இலையுதிர்காலத்திலிருந்தே திறந்து மூடுகின்றன. இன்றைக்கே ஒவ்வொரு நிறுவனத்தின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். இந்தச் சுற்றுத் தவறினால், பல்கலைக்கழக இடத்தை ஒரு வருடம் ஒத்திவைத்துவிட்டு அடுத்த சுற்றில் முயலலாமா என்று சேர்க்கை அலுவலகத்தில் கேட்கலாம்.

படிக்கட்டு சொன்ன காசுக் கணக்கை மறுக்கமாட்டேன். வீட்டிலிருந்து போவது பெரிய மிச்சம். எல்எல்பி என்று முடிவெடுத்தால் ஒரு நிபந்தனை வையுங்கள்: சேர்ந்த முதல் மாதமே எஸ்இஓ லண்டன், ஆஸ்பைரிங் சொலிசிட்டர்ஸ், ரேர் மூன்றிலும் பதிந்துவிட வேண்டும். மாணவருக்கு இலவசம். வளாகத்துக்கு வராத நிறுவனங்களை இந்த வழியாகப் பார்க்கலாம். முதலாம் ஆண்டு மாணவருக்கென்று நிறுவனங்கள் வைக்கும் அறிமுக நாட்களுக்கும் அப்போதே விண்ணப்பிக்கலாம். அங்கே நன்றாகச் செய்தவர்களைச் சில நிறுவனங்கள் அடுத்த வருட விடுமுறைப் பயிற்சிக்கு நேரே கூப்பிடுகின்றன. அந்த ஒன்று முதல் நான்கு வாரப் பயிற்சியிலிருந்துதான் பல இடங்களில் ட்ரெய்னிகளில் பெரும்பகுதியை எடுக்கிறார்கள்.

சனிக்கிழமை கடையை மட்டும் முதல் வருடப் பரீட்சைக்கு ஆறு வாரம் முன்பிருந்து அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும்.